செம்மறி குட்டி வீசினால் கிருமியைக் கண்டுபிடிப்பது எப்படி? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரங்களில் செம்மறி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெள்ளாட்டுக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இங்கே ரெண்டும் ஒரே பட்டியில்தான் படுக்கின்றன, ஒரே கண்மாயில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

நம் பக்கம் ஒரு ஆடு குட்டி வீசினால், அதாவது நாள் நிறையும் முன்பே கரு கலைந்து விழுந்தால், வழக்கமாக நடப்பது இதுதான். செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கருவேலங்காட்டில் எறிகிறோம். ஆட்டுக்கு ஒரு ஊசி போடுகிறோம். ஆடு கொஞ்சம் தேறியதும் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். காட்டில் எறிந்தது ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டியது. ஊசி, எடுத்திருக்க வேண்டிய மாதிரியைக் கெடுத்துவிடுகிறது. சந்தைக்குப் போன ஆடு நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது.

மந்தையில் ஒன்றிரண்டு வீசுவது வழக்கம்தானே? எப்போது பரிசோதிக்க வேண்டும்?

நூறு சினை ஆட்டில் ஒன்றோ இரண்டோ வீசினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல் போனாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தும் பத்துப் பதினைந்து நாளுக்குள் அடுத்தடுத்து வீசினாலோ, உடனே பார்க்க வேண்டும். இருபது ஆடு வைத்திருப்பவருக்கு இந்த நூற்றுக்கணக்கு உதவாது. அவர் இரண்டாவது ஆடு வீசியதுமே மருத்துவரிடம் போவது நல்லது.

வீசுவது மட்டும் கணக்கில்லை. நாள் நிறைந்தும் செத்துப் பிறக்கும் குட்டி, பிறந்து ஒரு நாள்கூடத் தாங்காத சவலைக் குட்டி, மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும் ஆடு ஆகியவையும் சேர்த்தி. ஒரே கிருமி ஒரு ஆட்டில் கருவைக் கலைக்கும், பக்கத்து ஆட்டில் நோஞ்சான் குட்டியாகக் காட்டும்.

கிருமிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மோதல், தீவனம், வெயில் இதெல்லாம் இல்லையா?

இருக்கின்றன. நாய் துரத்தியது, கிடாய் முட்டியது, லாரியில் நெருக்கி ஏற்றியது, பட்டினி எல்லாமே சினையைக் கலைக்கும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கொடுத்தாலும் கருவுக்கு ஆபத்து. நச்சுயிரி வகையில் நீலநாக்கு நோயும் ஆட்டுக்கொல்லி நோயும் வீச வைக்கும். அவற்றில் காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண் என்று வேறு அடையாளங்களும் கூட வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குருணிக்கொசு பெருகும்போது நீலநாக்கு தலைகாட்டும். பூனை மலத்தால் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் உண்டு.

மோதலில் வீசினால் பெரும்பாலும் ஒரு ஆட்டோடு நிற்கும். கடைசி இரண்டு மாதத்துச் சினையில், நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீசினால் முதல் சந்தேகம் கிருமியின் மேல்தான் விழ வேண்டும். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதில் எத்தனையாவது நாளில் வீசியது என்பது முக்கியமான துப்பு. அதனால் கிடாய் விட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரி, எழுதி வையுங்கள்.

எந்தெந்தக் கிருமிகள் இதைச் செய்கின்றன?

முதலில் புருசெல்லா. மாட்டில் கன்று வீச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் இனம்தான். ஆட்டில் வருவது பெரும்பாலும் புருசெல்லா மெலிடென்சிஸ் என்ற வகை. மனிதருக்கு வரும் புருசெல்லா வகைகளில் மிகக் கடுமையானது இதுதான். மால்டா தீவில் சிப்பாய்களுக்கு வந்த தீராக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று 1887இல் டேவிட் புரூஸ் கண்டார். அது ஆட்டுப்பால் வழியாக வருகிறது என்பது 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் ஆடுகளைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஆடுகள் பார்வைக்கு நோயில்லாமல்தான் இருந்தன. நம் பட்டியிலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது கிளமிடியா அபார்ட்டஸ். இது வஞ்சகமானது. இந்தப் பருவத்தில் தொற்றிக்கொண்ட ஆடு இந்தப் பருவத்தில் எதையும் காட்டாமல், அடுத்த சினையின் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் வீசும். வாங்கிய ஆடு முதல் ஈற்றில் நல்ல குட்டி போட்டது, அப்புறம் எப்படி அது நோய் கொண்டுவந்திருக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

காம்பைலோபாக்டர் வந்தால் கடைசி ஆறு வாரத்தில் மளமளவென்று வீச்சு நடக்கும், அதன்பின் அந்த ஆடுகளுக்கு எதிர்ப்பு வந்துவிடும். சால்மோனெல்லாவில் ஆடே படுத்துவிடும். காய்ச்சல், கழிச்சல், சில சமயம் சாவு. லிஸ்டீரியா கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லோடு (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய பசுந்தீவனம்) வரும். அதே மந்தையில் ஏதோ ஒரு ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் இதை நினைக்கலாம். லெப்டோஸ்பைரா எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் இருக்கும்.

கடைசியாகக் கியூ காய்ச்சலின் கிருமியான காக்ஸியெல்லா. ஆட்டை அதிகம் படுத்தாது, மனிதரைப் படுத்தும். அதைப் பற்றிக் கீழே.

அனுபவம் உள்ள கீதாரி (மந்தையின் தலைமை மேய்ப்பர்) ஆட்டைப் பார்த்தே சொல்லிவிட மாட்டாரா?

என் கருத்தில் மாட்டார். கீதாரிக்குத் தெரியும் விஷயங்களில் பாதி மருத்துவருக்குத் தெரியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கண்ணும் கையும் போதாது. புருசெல்லா, கிளமிடியா, காக்ஸியெல்லா மூன்றிலும் ஆடு மறுநாளே மேயப் போகும். வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது.

கொடியைப் பார்த்தால் சில துப்புகள் கிடைக்கும். கொடியில் திட்டுத்திட்டாகச் சிவந்த திரட்சிகள் இருக்கும் அல்லவா, அந்தத் திரட்சிகளுக்கு இடைப்பட்ட சவ்வு மெல்லியதாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருப்பதுதான் இயல்பு. அது தடித்து, சொரசொரத்து, அழுக்குப் பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால் கிளமிடியா பக்கம் சந்தேகம் போகும். வீசின குட்டியின் ஈரலில் நடுவே குழிந்த வட்டவட்டமான வெளிறிய புள்ளிகள் இருந்தால் காம்பைலோபாக்டராக இருக்கலாம். எல்லாக் குட்டியிலும் அது தெரியாது. இவை எல்லாம் ஆய்வகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டிய குறிப்புகள்தானே தவிர முடிவுகள் அல்ல.

வீசின அன்று நான் எதை எடுத்து வைக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் நஞ்சுக்கொடி. வீச்சுக்குக் காரணமான கிருமிகளில் பெரும்பாலானவை முதலில் கூடு கட்டுவது கொடியில்தான். கொடி இல்லாமல் போன மாதிரியில் காரணம் கிடைக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய் இழுப்பதற்கு முன், மண்ணில் புரளுவதற்கு முன், கையுறை போட்டுக்கொண்டு, திரட்சிகள் உள்ள பகுதி இரண்டு மூன்று வருமாறு எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். கொடியில் மண் ஒட்டியிருந்தால் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். மண் ஒட்டாத இடத்தைப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது குட்டி, முழுசாக. அறுக்க வேண்டாம், அது மருத்துவரின் வேலை. அவர் குட்டியின் வயிற்றைத் திறந்து நான்காவது இரைப்பையிலிருந்து சிரிஞ்சில் திரவம் உறிஞ்சுவார். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குட்டி உள்ளே இருக்கும்போது பனிக்குடத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள கிருமியெல்லாம் இரைப்பையில் சேர்ந்து, மூடிய அறைக்குள் வெளி அழுக்கு படாமல் அப்படியே நிற்கும். கொடி மண்ணில் விழுந்து கெட்டிருந்தாலும் இந்தத் திரவம் சுத்தமாக இருக்கும். கூடவே நுரையீரல், ஈரல், மண்ணீரல் துண்டுகளும் எடுப்பார்.

மூன்றாவது, தாயாட்டின் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கும் கசிவு. வீசின முதல் சில நாளில் எடுத்தால்தான் பயன். கொடியும் குட்டியும் காணாமல் போயிருந்தால் இது ஒன்றுதான் மிச்சம்.

நான்காவது ரத்தம். எதுவும் கலக்காத குழாயில் சுமார் 5 மில்லி எடுத்து, சாய்த்து வைத்து உறையவிட்டு, மேலே தெளியும் நீரைப் பிரிப்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. ரத்தக் குழாயை அப்படியே ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகினால் சிவப்பணு உடைந்து எல்லாம் சிவந்துவிடும், சோதனைக்கு ஆகாது. மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலம் வைத்து, மாதிரி நேரடியாக ஐஸைத் தொடாமல் அனுப்பினால் போதும். மறுநாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும். சித்திரை வெயிலில் கொடி பட்டியில் அரை நாள் கிடந்தாலே அழுகல் கிருமிகள் ஏறி, தேட வேண்டியதை மூடிவிடும்.

திசு ஆய்வுக்கு ஃபார்மலினில் துண்டு போடச் சொன்னால் அந்தப் பாட்டிலைத் தனிப்பெட்டியில் வையுங்கள். ஃபார்மலின் ஆவி பக்கத்தில் உள்ள மாதிரியின் கிருமிகளையும் கொன்றுவிடும்.

இத்தனையோடு ஒரு துண்டுத்தாளும் வேண்டும். எத்தனை ஆட்டில் எத்தனை வீசியது, எத்தனையாவது மாதம், கடைசியாக எப்போது எங்கிருந்து ஆடு வாங்கினீர்கள், என்ன ஊசி, என்ன மருந்து, மந்தை கிடைபோட எங்கே போய் வந்தது ஆகியவற்றை எழுதுங்கள். தாள் இல்லாத மாதிரியை வைத்து ஆய்வகம் குருட்டுத்தனமாகத்தான் தேடும்.

ஊசி போட்டுவிட்டேன். இப்போது மாதிரி எடுத்தால் தெரியுமா?

ஆன்டிபயாட்டிக் உள்ளே போனபின் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் வீண். கிருமியின் மரபுத்துகளைத் தேடும் பிசிஆர் சோதனையில் செத்த கிருமியின் துகளும் தெரியும் என்பதால் அதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ரத்தச் சோதனை பாதிக்கப்படாது. எதுவானாலும் மறைக்காமல் மருந்தின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் காலிப் புட்டியையே கொண்டுபோங்கள். முதலில் மாதிரி, அப்புறம் ஊசி என்ற வரிசையை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

மாதிரியை எங்கே கொடுப்பது?

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962. மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு உண்டு. தொடர் வீச்சு என்றால் அவர்களே பட்டிக்கு வந்து எடுப்பதுதான் முறை. மேல் சோதனைக்கு மாதிரி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்குப் போகலாம். நமக்குக் கிட்டத்தில் ஒரத்தநாடு. குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான், வழி கேட்க அங்கேயும் போகலாம். புருசெல்லா போன்றவற்றை ஆராயத் தேசிய அளவில் பெங்களூரில் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே நாமாக அனுப்பத் தேவையில்லை, துறை வழியாகப் போகும்.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

முதல் நாளே செய்வது சாயம் ஏற்றிப் பார்ப்பது. கொடியின் திரட்சியை வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, காயவைத்து, திருத்திய சீல் நீல்சன் முறையில் சாயம் போடுவார்கள். நுண்ணோக்கியில் நீலப் பின்னணியில் சிவந்த மிகச்சிறிய துகள்கள் குவியல் குவியலாகத் தெரிந்தால் புருசெல்லா, கிளமிடியா, காக்ஸியெல்லா மூன்றில் ஒன்று. மூன்றும் சாயத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள், சொற்பச் செலவில், 'ஜாக்கிரதை, இது மனிதருக்கும் வரும் கிருமி' என்று சொல்லிவிடும். அந்த எச்சரிக்கைக்காகவே இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது வளர்ப்பு. லிஸ்டீரியாவும் சால்மோனெல்லாவும் ஓரிரு நாளில் வளர்ந்து முகம் காட்டும். காம்பைலோபாக்டருக்கு ஆக்சிஜன் குறைந்த காற்று வேண்டும், இல்லாவிட்டால் வளராது. புருசெல்லா நிதானமாக வரும். ஒரு வாரம் பத்து நாள் பார்த்த பிறகுதான் இல்லை என்று சொல்வார்கள். கிளமிடியாவும் காக்ஸியெல்லாவும் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும், சாதாரணத் தட்டில் வளராது. அதனால் 'வளர்ப்பில் எதுவும் வரவில்லை' என்ற அறிக்கையைப் பார்த்து இந்த இரண்டும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. புருசெல்லா வளர்க்கும் வேலை ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கே தொற்றும் ஆபத்துள்ளது. எல்லா இடத்திலும் செய்யாததற்குச் சோம்பல் காரணமில்லை.

பிறகு பிசிஆர். கிருமியின் மரபுத்துகளைப் பெருக்கிக் காட்டும் சோதனை. ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளைத் தேடும் வகையும் உண்டு. மாதிரி கொஞ்சம் கெட்டிருந்தாலும் கைகொடுக்கும்.

ரத்தம் மட்டும் எடுத்தால் போதாதா? அதுதான் சுலபம்.

சுலபம் என்பது சரி. புருசெல்லாவுக்கு முதல் சல்லடையாக ரோஸ் பெங்கால் சோதனை நல்லது. வெள்ளை ஓட்டின் மேல் ஆட்டின் ரத்தத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டு, பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, ஓட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே 4 நிமிடம் பார்க்க வேண்டும். கிருமியை எதிர்த்து ஆட்டின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தால் இளஞ்சிவப்பு பிரிந்து பொடிப்பொடியாகத் திரளும், இல்லாவிட்டால் ஒரே சீராக நிற்கும். 4 நிமிடம் கழித்துத் தெரியும் திரட்சியைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஓரம் காய்ந்து ஏமாற்றும். கரைசலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தினாலும் தப்பு, அறை வெப்பத்துக்கு வர வேண்டும். மாட்டுக்கு இரண்டையும் சம அளவில் கலப்பார்கள். ஆட்டுக்கு ரத்தநீர் மூன்று பங்கு, கரைசல் ஒரு பங்கு, அதாவது 75க்கு 25 மைக்ரோலிட்டர் என்று கலந்தால் நோயுள்ள ஆடு தப்பிப்பது குறையும். மாடு பார்த்தே பழகிய கை சில சமயம் இதை மறந்துவிடும். கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இதில் பாசிட்டிவ் வந்த ஆட்டை எலைசா போன்ற, எதிர்ப்புப் பொருளைத் தேடும் இன்னொரு சோதனையால் உறுதி செய்வார்கள்.

மற்றக் கிருமிகளுக்கு ஒற்றை ரத்தம் அவ்வளவாகப் பேசாது. எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்றால் என்றைக்கோ அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள், அதுதான் இந்தக் குட்டியைக் கொன்றது என்று பொருளில்லை. இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் ஆட்டை விற்றுவிட்டால் இரண்டாவது ரத்தம் எங்கே கிடைக்கும்? வீசின ஆடுகளோடு வீசாத சில ஆடுகளின் ரத்தமும் கொடுத்தால், இரண்டையும் ஒப்பிட்டு முடிவுக்கு வர வசதி.

ரோஸ் பெங்காலில் எல்லாம் நெகட்டிவ். ஆனால் பொலிகிடாய்க்கு (சினைக்கு விடும் கிடாய்) விதை ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதே?

நல்ல கேள்வி. புருசெல்லா ஓவிஸ் என்ற வகை முக்கியமாகக் கிடாயைத் தாக்கும். விதைப்பையின் பின்பக்கக் குழாய் தடித்துக் கட்டியாகும், சினை பிடிப்பது குறையும், சில பெட்டைகள் வீசும். இந்த வகையின் மேலுறை வேறு என்பதால் ரோஸ் பெங்கால் கரைசலுக்கு இது சிக்காது, தனி எலைசா வேண்டும். கிடாயின் விதையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, ஒரு பக்கம் பெரிதாக, கல்லாக, வலியாக இருந்தால் மருத்துவரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். நம் ஊர்களில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் யார் பட்டிக்கும் போய்வரும். அதைச் சோதிக்க யாரும் நினைப்பதில்லை. நேர்ந்துவிட்டதாகவே இருக்கட்டும், ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் சாமி கோபிக்காது.

பிசிஆரில் பாசிட்டிவ் என்றால் காரணம் அதுதான் என்று முடிவு கட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். காக்ஸியெல்லா நல்லபடியாக ஈன்ற ஆட்டின் கொடியிலும் வெளியேறும். கிளமிடியாவால் வீசின ஆடு கிடந்த இடத்தில் வேறு காரணத்தால் ஒரு ஆடு வீசினாலும் மாதிரியில் கிளமிடியா ஒட்டியிருக்கும். எவ்வளவு இருக்கிறது, கொடியில் அழற்சி இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டில் ஒரே கிருமி வருகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். இதனால்தான் ஒரு ஆட்டின் மாதிரியோடு நிற்காமல் இரண்டு மூன்று ஆட்டின் மாதிரி கேட்கிறார்கள்.

எல்லாம் செய்தும் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று வந்தால்?

வரும். வசதியான நாடுகளின் நல்ல ஆய்வகங்களிலேயே கணிசமான வீச்சுகளுக்குக் காரணம் கிடைப்பதில்லை. அது செலவு வீணானதாகாது. புருசெல்லா இல்லை, கிளமிடியா இல்லை என்று தெரிவதே வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவருக்குப் பெரிய நிம்மதி. அடுத்து வீசினால் இன்னும் சுத்தமான மாதிரி கொடுங்கள்.

வீட்டு மனிதர்களுக்கு வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதை மட்டும் நின்று படியுங்கள்.

புருசெல்லா மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரியில் உடம்பு நனையும் வேர்வை, மூட்டுவலி, இடுப்புவலி, சோர்வு. டைபாய்டு, மலேரியா, காசநோய் என்று மாதக்கணக்கில் சுற்றவைக்கும். மருத்துவரிடம் 'வீட்டில் ஆடு குட்டி வீசியது, நான்தான் கொடியை எடுத்தேன்' என்று நாமே சொன்னால்தான் அவருக்கு அந்தத் திசையில் யோசனை போகும். சரியான மருந்தை வாரக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். காய்ச்சல் விட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்பிவரும்.

கியூ காய்ச்சல் காற்றில் வரும். ஈற்றுத் தண்ணீர் காய்ந்து தூசியாகிப் பறந்தாலே போதும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை வெள்ளாட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பி 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் பதிவானது. அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டவர்கள்கூட இல்லை, பண்ணைக்கு அருகில் குடியிருந்தவர்கள். இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு இது நாள்பட்ட நோயாக மாறக்கூடும்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் ஆடு ஈனும் இடத்துக்கே போகக் கூடாது. கிளமிடியா, லிஸ்டீரியா, காக்ஸியெல்லா, டாக்ஸோபிளாஸ்மா எல்லாமே வயிற்றில் உள்ள பிள்ளைக்கு ஆபத்து. நம் வீடுகளில் ஈற்று பார்ப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால் இதைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். மாமியாரோ கொழுந்தனோ அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். ஆட்டுக்காரரின் துணியைத் துவைப்பதும் அவள் கையில் விழக் கூடாது.

மூச்சு வரவில்லை என்று குட்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தாலே பலதும் பிழைக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கொடியைத் தொட வேண்டாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பிள்ளைக்கு நல்லது என்று வெள்ளாட்டுப் பாலைப் பச்சையாகக் கொடுக்கிறவர்கள் காய்ச்சிக் கொடுங்கள்.

மாதிரி எடுத்த பிறகு மீதியை என்ன செய்வது?

ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். நாய் தோண்டாத ஆழமாக இருக்க வேண்டும். ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். வீசின இடத்து மண்ணைச் சுரண்டி அதே குழியில் போட்டு, அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். காய்ந்த பட்டியைப் பெருக்கும்போது தூசி கிளப்பாமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள்.

வைத்தியம், தடுப்பூசி உண்டா?

கிருமியைப் பொறுத்தது. கிளமிடியா என்று தெரிந்தால் மீதிச் சினை ஆடுகளுக்கு நீண்ட நேரம் நிற்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியால் இழப்பைக் குறைக்கலாம், கிருமியை ஒழிக்க முடியாது. காம்பைலோபாக்டருக்கும் மருந்து உண்டு, எது கேட்கும் என்பதை வளர்ப்புச் சோதனைதான் சொல்லும். புருசெல்லா வந்த ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. மருந்து கொடுத்தாலும் கிருமி உள்ளே ஒளிந்திருந்து பாலிலும் ஈற்றிலும் வெளியேறும். ஆகவே சோதித்து, நோயுள்ளதை மந்தையிலிருந்து கழிப்பதுதான் வழி.

ஆட்டுக்கான புருசெல்லா தடுப்பூசியாக ரெவ் 1 என்ற உயிர்த் தடுப்பூசி பல நாடுகளில் பயனில் உள்ளது. சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே வீச வைக்கலாம். இங்கே 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்குத்தான், அதாவது மாட்டுக்கும் எருமைக்கும். அதை ஆட்டுக்குப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வீசின ஆட்டை விற்றால் என்ன? கறிக்குப் போனால் யாருக்கு நட்டம்?

வாங்குகிறவருக்கு நட்டம், பிறகு சுற்றி வந்து உங்களுக்கே நட்டம். திருப்புவனம் சந்தைக்குப் போன ஆடு கறிக்கடைக்குத்தான் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வயசு குறைந்த பெட்டையாக இருந்தால் வளர்க்க வாங்குவார்கள். நன்றாக வெந்த கறியில் ஆபத்தில்லை. ஆனால் அறுக்கிறவர் கையில் கர்ப்பப்பையும் மடியும் படுகின்றன. புருசெல்லா 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. அந்த நோய் இருப்பது தெரிந்தே ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம்.

இதில் ஆட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு பெட்டை என்பது ஒரு குடும்பத்தின் பள்ளிக்கூடச் செலவு. கழிக்கச் சொல்லுகிறவர்கள் ஈடு என்ன என்று சொல்லாதவரை மறைத்து விற்பது நிற்காது. அதுவரை நம்மால் ஆகக்கூடியது, முடிவு வரும்வரை வீசின ஆட்டைத் தனியே கட்டுவது. கசிவு நிற்க மூன்று வாரம்போல ஆகும். தனித் தொட்டி, தனித் தீவனம், கடைசியாக அந்த ஆட்டைக் கவனித்துவிட்டுக் கை கழுவுவது.

பல பேர் ஆடு சேர்ந்த மந்தை. தஞ்சைப் பக்கம் கிடைபோடப் போகிறோம். ஒருவர் மட்டும் சோதித்து என்ன பயன்?

பயன் குறைவுதான். ஒரே கிடையில் படுக்கும் ஆடு எல்லாம் ஒரே மந்தை, உடைமைக்காரர் எத்தனை பேராக இருந்தாலும் கிருமிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கிளம்பும் முன் எல்லோரும் பேசி, மந்தைக்குப் பொதுவாகக் கிடாய்களையும் போன பருவத்தில் வீசின பெட்டைகளையும் சோதித்துவிடுங்கள். வழியில் வீசினால் எந்த வயல், எந்த ஊர் என்று குறித்துக்கொண்டு, அங்குள்ள மருந்தகத்தில் கொடியைக் கொடுங்கள். வாய்க்காலில் எறிந்துவிட்டு நகர்ந்தால் அடுத்து அங்கே கிடைபோட வரும் மந்தைக்குத் தொற்றும்.

புதிதாக ஆடு வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

ராமநாதபுரம் வெள்ளையோ எந்த இனமோ, 'போன ஈற்று எப்படி?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். வாங்கியதை ஒரு மாதம் தனியே கட்டி, புருசெல்லாவுக்கு ரத்தம் கொடுங்கள். சினையாக வாங்கினால் அது ஈனும்வரை மற்றச் சினை ஆடுகளோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. கிளமிடியாவைச் சினையில்லா ஆட்டின் ரத்தத்தில் நம்பகமாகப் பிடிக்க முடியாது. அதற்கு, அந்த ஆடு உங்கள் பட்டியில் முதல் முறை ஈனும்போது பக்கத்தில் இருந்து கொடியைப் பாருங்கள். சவ்வு தடித்திருந்தால் ஐஸ் பெட்டியை எடுங்கள்.